ஆறே முக்காலுக்குச் சாத்தும் கதவு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பில்தான் அந்த எண்ணம் என்னைப் பிடித்தது. பொத்தேரியில் எங்கள் கல்லூரியின் மூன்றாவது மாடி. மார்ச் மாத வெயில். வகுப்பில் பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேடம் உயிரணுவுக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தவர், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் போகிற போக்கில் சொன்னார். வெளிநாட்டில் ஒரு குடும்பம் இருக்கிறதாம். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் சிலர் மாலை ஏழரைக்கெல்லாம் தூங்கிவிடுகிறார்கள், கோழி கூவுவதற்கு முன்பே எழுந்துவிடுகிறார்கள். சோம்பேறித்தனமும் இல்லை, உடம்பில் வேறு கோளாறும் இல்லை. ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட வேகமாக ஓடுகிறது.

நம் ஊரில் இதை யாராவது தேடியிருக்கிறார்களா என்று எழுந்து நின்று கேட்டேன். தேடுவதற்கு முதலில் அப்படி ஒரு குடும்பம் வேண்டுமே என்றார் மேடம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் குடும்பம் எங்கள் வீட்டுப் பின்போர்ஷனில் குடியிருந்தது.

அன்று மாலை லேப் முடிந்து ஏறிய மின்சார ரயிலில் உட்காரவே முடியவில்லை. வாசலில் நின்றபடி சானடோரியம் ஸ்டேஷன்வரை வந்தேன். சிட்லபாக்கம் தெருக்களில் ஓட்டமும் நடையுமாகப் போய், பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராகப் பின்பக்கம் சென்றேன். மணி ஏழாக ஐந்து நிமிடம். கதவு சாத்தியிருந்தது. நான்கு வருடங்களாக அந்தக் கதவு ஆறே முக்காலுக்குச் சாத்தப்படுவதைப் பார்த்தவள் நான். அன்றைக்குத்தான் சாத்திய கதவின் முன்னால் நின்று சந்தோஷத்தில் சிரித்தேன்.

அவரை நாங்கள் மாவுக்கார அக்கா என்போம். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெடுநெடுவென்று உயரம். முழங்கைவரை எந்நேரமும் உளுந்து வாசனை. கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவர். கணவருக்குக் குரோம்பேட்டையில் தொழிற்சாலை வேலை கிடைத்ததும் இந்தப் பக்கம் குடிவந்தார்கள். அவர் இறந்த பிறகு அக்காவும் ஒரே மகளும் எங்கள் காம்பவுண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மீன் விற்பதுதான் அக்காவுக்குத் தெரிந்த தொழில். மீன் வாசனையே காம்பவுண்டுக்குள் வரக்கூடாது என்று மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா சொல்லித்தான் வீடு கொடுத்தார். அதனால் இட்லி மாவு. இரண்டு கிரைண்டர்கள் விடியற்காலை இரண்டரைக்கு ஓட ஆரம்பிக்கும். பால்காரர் வருவதற்கு முன்பே அக்கா சைக்கிளில் இரண்டு பெரிய தூக்குகளை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி முடித்திருப்பார். சைக்கிளை மிதித்து நான் பார்த்ததில்லை, தள்ளிக்கொண்டே போவார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கே சாமி விளக்கை ஏற்றிவிடுவார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அறையைச் சற்று இருட்டாக்கிவிட்டு ஏற்றுவார். தெரு முழுக்க விளக்கு ஏற்றும் நேரத்தில் அவர் வீட்டில் விளக்கு எரிந்து, மலையேறி, ஆள் பாயில் சாய்ந்திருப்பார். விளக்கு வைக்கும் நேரத்தில் தலையைச் சாய்த்தால் அந்த வீட்டில் மூதேவி வந்து உட்காருவாள் என்பது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். என் அம்மா எனக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம் அடித்தபோதுகூட அந்த அரை மணி நேரம் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட தெருவில் ஒரு பெண்பிள்ளை தினம்தோறும் அதே நேரத்தில் படுக்கிறாள் என்றால்?

ஆகவே அக்கா மறைத்தார். அவருடைய பழக்கங்கள் எல்லாமே அந்த ஒன்றை மறைப்பதற்காக ஏற்பட்டவை. எனக்கு அது புரியவே அந்த மதிய வகுப்பு தேவைப்பட்டது.

யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வரவேற்புக்கு வரமாட்டார். மூன்றாம் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குத் தெருவே முந்தின நாள் மாலை மண்டபத்தில் இருந்தது, அக்கா இல்லை. மறுநாள் முகூர்த்தத்துக்குச் சமையல்காரர்கள் எழுவதற்கு முன்பே வந்து, பூக்கட்டி, தட்டு வரிசை அடுக்கி, தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டு முடித்திருந்தார். பெண்ணின் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தபோது வேலை எதுவும் பாக்கியில்லை. அப்படியும் அந்த அம்மாள் ஊரெல்லாம் சொன்னது, வரவேற்புக்கு வரவில்லை, அவ்வளவு திமிர் என்பதுதான். நவராத்திரி கொலுவுக்கு மாலையில் கூப்பிட்டால் மதியம் மூன்று மணிக்கு வந்து நிற்பார். சுண்டல் இன்னும் வெந்திருக்காது. வேகாத சுண்டலுக்காகவே வருகிறாள் என்று பெண்கள் உள்ளே போய்ச் சிரிப்பார்கள்.

இதில் எல்லாவற்றையும்விட டிவி சீரியல்தான் வேடிக்கை. இரவு எட்டரைக்கு வரும் ஒரு தொடரை ஊரே பார்த்துக்கொண்டிருந்த காலம். அக்கா காலையில் மாவு கொடுக்க வரும்போது முதல் வீடு எங்களுடையது. நேற்று என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்டுக்கொள்வார். அடுத்த வீட்டில் அதையே தான் பார்த்ததுபோலச் சொல்வார். அந்த மாமியாரின் புடவை நிறம் உட்பட. ஒரு நாள் குறும்பாக நான் கதையையே மாற்றிச் சொன்னேன். கதாநாயகி லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டாள் என்று. அக்கா அதைப் பத்துப் பதினைந்து வீடுகளில் சொல்லிவிட்டார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் வழக்கம்போல மாவு வந்தது. ஒரு கரண்டி கூடவே இருந்தது.

“நேத்து கத சூப்பரா இருந்திச்சு பாப்பா. நீயே எய்துனியா?” என்றார்.

அதன் பிறகு அவர் என்னிடம் கதை கேட்கவே இல்லை.

அந்த மதிய வகுப்பு நடந்த வாரமே நான் அலாரம் வைத்து எழுந்து, நோட்டும் பேனாவுமாக அவருடைய கிரைண்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு அது நடுப்பகல் மாதிரி. முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஏன் வந்தாய் என்று கேட்டார். அரசாங்கத்தில் ஏதாவது கொடுக்கிறார்களா என்றும் கேட்டார். தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி என்று சொன்னதும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

“தூங்குறதுக்கு ஒரு காலேஜா? இன்னா பாப்பா, உங்கப்பா அதுக்கா ஃபீஸ் கட்டுறாரு?”

நான் விடவில்லை. வட்டம் என்றால் பெண், சதுரம் என்றால் ஆண், சீக்கிரம் தூங்குபவர்களைக் கறுப்பாக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் அவரே பேனாவை வாங்கிக்கொண்டார். அப்பா, கறுப்பு. அப்பாவின் அக்கா, கறுப்பு. அண்ணன் ஒருவர் வெள்ளை, அவருக்குத் தூக்கமே பத்து மணிக்குத்தான். தம்பி கறுப்பு. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் இருந்த படம் என் கண் எதிரே மாவுக்கையால் வரையப்பட்டுக்கொண்டிருந்தது.

“எங்க குப்பத்துல எவனும் இத்த ஒரு விசயமாவே நெனைக்கல,” என்றார். “நைனா ரெண்டு மணிக்கு எந்திரிச்சி வலைய எடுத்துக்கினு பூடும். பொழுது சாஞ்சா படுத்துக்கும். நல்ல வேலக்காரன்னு பேரு அதுக்கு. இங்க வந்து வூடு புடிச்சப்புறம்தான் நான் மூதேவி ஆனேன்.”

கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ். அதே ரத்தம் அங்கே நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இதைக் கேட்டபோது நான் செய்தது என்ன தெரியுமா? நோட்டில் ‘சூழல்’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

கணவரைப் பற்றி அவராகத்தான் சொன்னார். கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“அவரு போனது ராத்திரி ஒம்போது மணி இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நெஞ்சு வலி. நான் பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தேன். ரெண்டரைக்கு எந்திரிச்சி லைட்டப் போட்டா, ஆளு சில்லுன்னு கீறாரு. கூப்ட்டாரோ இன்னாவோ பாப்பா.”

கொஞ்ச நேரம் கல்லில் ஒட்டியிருந்த மாவை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

“ரத்தத்துல எய்திக் கீதுன்னு சொல்றியே. டெஸ்ட் பண்ணி அப்டி இருந்திச்சின்னா, அன்னிக்கு நான் எந்திரிக்காதது என் தப்பு இல்லன்னு வருமா?”

“வரும்க்கா,” என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு வேகம் எனக்கு.

ரத்தம் கொடுக்க அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. மகளுக்கு வரன் கூடி வந்திருந்தது. கூடுவாஞ்சேரியில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பையன். பெண் பார்க்க வந்ததும் பேச்சு முடித்ததும் காலை நேரத்தில்தான். நல்ல நேரம் காலையில்தான் இருக்கிறது என்று அக்கா பஞ்சாங்கத்தைக் காட்டிச் சாதித்திருந்தார். தாலி ஏறும்வரை இந்தத் தூக்க விஷயம் அவர்கள் காதுக்குப் போகக்கூடாது. போனால் வரன் போய்விடும்.

“என்னிய எய்து. நைனாவ எய்து. செத்துப்போன அத்தைய எய்து. அவள மட்டும் எய்தாத. கல்யாணம் ஆவட்டும்.”

எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். குரோம்பேட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த ஒரு தோழி வந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள். அதை ஐஸ் டப்பாவில் வைத்து ரயிலில் கொண்டுபோய் எங்கள் துறை ஃப்ரீசரில் வைத்தேன். அதைச் சோதிக்கத் துறையில் கருவி இல்லை, வெளியே அனுப்பப் பணம் ஒதுக்கவில்லை. அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றார் மேடம்.

மகளும் கறுப்பு வட்டம்தான். இருபது வயது, தையல் கம்பெனியில் காலை ஷிப்ட், ஏழு மணிக்குக் கண் செருகிவிடும். அக்காவுடைய பயமெல்லாம் கல்யாண வரவேற்பைப் பற்றி. மாலை ஆறரை முதல் பத்துவரை மேடையில் நிற்கவேண்டும். பெண் நின்றபடியே தூங்கிவிட்டால்? அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டார்.

மருந்து வேண்டாம், வெளிச்சம் போதும் என்றேன். மாலையில் கண்ணுக்கு நேரே பலமான வெளிச்சம் விழுந்தால் உள்ளே இருக்கும் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிப்போகும். படித்தது அப்படித்தான். மண்டபங்களுக்கு விளக்கு அலங்காரம் செய்யும் கடையிலிருந்து நான்கு ட்யூப்லைட்டுகளை ஒரு சட்டத்தில் மாட்டி எடுத்து வந்தோம். தினமும் ஆறரை மணிக்கு மகள் அதற்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைப்பாள். கதவிடுக்கு வழியாக வெளிச்சம் காம்பவுண்டில் கொட்டும். உள்ளே என்ன ஷூட்டிங்கா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா மட்டும் அந்த வெளிச்சத்துக்குள் வரவில்லை. அடுத்த அறையில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வார். நீங்களும் உட்காருங்கள் என்று இழுத்துப் பார்த்தேன்.

“எனக்கு எதுக்கு பாப்பா? நான் ஏழு மணிக்கு எந்திரிச்சா மாவ எவன் அரைக்கிறது?”

நியாயம்தான். அவருடைய பிழைப்பே அந்தக் கடிகாரத்தில் இருந்தது. மூன்று வாரத்தில் மகள் எட்டேகால்வரை விழித்திருந்தாள். எட்டேகால்! நான் நோட்டில் தேதிவாரியாகக் கோடு வரைந்தேன், கோடு ஏறிக்கொண்டே போயிற்று. அந்த வீட்டில் அத்தனை வருடங்களில் முதல்முறையாக எட்டு மணிச் செய்தி கேட்டது. மறுநாள் காலையில் நாட்டில் என்ன நடந்தது என்று மகள் அம்மாவுக்குச் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்தச் சிரிப்புக்கு நான் செய்த கைம்மாறு இது.

துறை விழாவில் மாணவர்கள் தங்கள் ஆய்வை அட்டையில் எழுதி மாட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நான் அந்தக் குடும்பப் படத்தை வரைந்தேன். அக்காவின் அப்பா தலைமுறை, அக்கா தலைமுறை. இரண்டு வரிசை. பார்க்க ஊனமாக இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு கறுப்பு வட்டம் வந்தால்தான் அது மேலிருந்து கீழே இறங்கி வருவது தெரியும். பெயர் போடப்போவதில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக அந்த வட்டத்தை வரைந்து கறுப்பு மை பூசினேன். கீழே இரண்டு வரி: தாய் மாவு விற்பவர், தந்தை இறந்துவிட்டார், ஒரே மகள், இருப்பிடம் தாம்பரம் சானடோரியம் பக்கம். ஆய்வு என்றால் விவரம் வேண்டுமல்லவா. ரத்தம் ஃப்ரீசரில் அப்படியே கிடந்தது. ஆனால் அட்டையின் தலைப்பில் ‘மரபணு’ என்ற சொல்லைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பெரிதாக எழுதியிருந்தேன்.

மதியம் வணிகவியல் துறைப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். மற்றவர்கள் நகர்ந்த பிறகும் ஒரு பெண் மட்டும் நின்றாள். முதல் வருடம் படிப்பவள். நெற்றியில் சின்னப் பொட்டு, கையில் சாப்பாட்டுப் பை. அட்டையை இரண்டு தரம் படித்தாள். ஆர்வமுள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டாள் என்று எனக்குக் குஷி. பத்து நிமிடம் விளக்கினேன். கடைசியில் கேட்டாள்:

“இது பொறக்கிற குழந்தைங்களுக்கும் வருமாக்கா?”

“பாதிக்குப் பாதி,” என்றேன். விரலால் அந்தக் கறுப்பு வட்டத்தின் கீழே இரண்டு கோடுகள் இழுத்தும் காட்டினேன்.

எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் காம்பவுண்டு வாசலில் ஆட்டோ நின்றது. பையனுடைய அம்மா, பெரியம்மா, மாமா, கூடவே பையனின் தங்கைபோல ஒரு பெண். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார்கள். விளக்கு வைத்த நேரமாகப் பார்த்து வந்திருந்தார்கள். நான் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். துறை விழாவில் என் அட்டை முன்னால் நின்ற அதே பெண், சாப்பாட்டுப் பை மட்டும்தான் கையில் இல்லை. எழுந்து அவர்களுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன்.

கதவைத் திறந்தது மகள். நல்ல விழிப்பாகத் திறந்தாள். வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியைத் தாவணியில் குத்திக்கொண்டு வாங்க வாங்க என்றாள். பாய் விரித்தாள், காபி கலந்தாள். யாரைச் சோதிக்க வந்தார்களோ அவள் தேறிவிட்டாள். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்தேன்.

அம்மா எங்கே என்று பெரியம்மா கேட்டார். உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறார்கள் என்றாள் மகள். பார்த்துவிட்டுப் போகிறோம் என்று அவர்கள் எழுந்து உள்ளறைக்குப் போனார்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி, வாய் லேசாகத் திறந்து, பாயில் கிடந்தார். மகள் உலுக்கினாள். எழுந்து உட்கார்ந்தார். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. வந்திருப்பது யாரென்று தெரிந்து சிரித்தார், கையைக்கூடக் கூப்பினார். கூப்பிய கையோடு, உட்கார்ந்த நிலையிலேயே, மறுபடி கண் மூடித் தலை தொங்கிவிட்டது. இரண்டரை மணிக்கு எழுந்த உடம்பு.

பெரியம்மா தனக்குத்தானே சொல்வதுபோல, “வௌக்கு வெக்கிற நேரம்,” என்றார். காபி டம்ளர்களில் பாதி அப்படியே இருந்தது. மறுநாள் மாமா போன் செய்து, பையனுக்கு ஜாதகத்தில் ஏதோ தோஷம் சொல்கிறார்கள், தள்ளிப்போடலாம் என்றார். எதுவரை தள்ளிப்போடலாம் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

போன் வந்ததற்கு மறுநாள் விடியற்காலை கிரைண்டர் ஓடவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. நாலு மணிக்கு எழுந்து போனேன். அக்கா ஊறப்போட்ட உளுந்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை, அந்தப் பெண்ணை, கறுப்பு வட்டத்தை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“பாதிக்குப் பாதின்னு சொன்னியா?”

“ஆமாக்கா.”

“நெசமா அது?”

“நெசம்க்கா.”

உளுந்தை ஒரு கை அள்ளி மறுபடி தண்ணீரிலேயே விட்டார்.

“ஒரு பொய் சொல்லியிருக்கலாமே பாப்பா. அன்னிக்கு லாரில அடிச்சிப் போட்டியே, அந்த மாதிரி.”

பக்கத்து அறையில் மகள் விழித்துத்தான் இருந்தாள். வளையல் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. ட்யூப்லைட் சட்டத்தை நான்தான் கடையில் திருப்பிக் கொடுத்தேன். அவள் என்னிடம் அதன் பிறகு பேசவே இல்லை. இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு கோவிலம்பாக்கம் பக்கம் போய்விட்டார்கள். போகிற அன்று அதிகாலையில் எங்கள் வாசலில் ஒரு பை மாவு இருந்தது. அம்மா இட்லி வார்த்தார். எனக்கு இறங்கவில்லை.

ரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த பருவத்திலும் பணம் வரவில்லை. கோடை விடுமுறையில் துறை ஃப்ரீசர் பழுதாகி இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது குழாய்களை எல்லாம் கொட்டிக் கழுவி வைத்திருந்தார்கள். என் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய குழாயும் அதில் போயிற்று. ஆக, அக்காவின் ரத்தத்தில் அந்த எழுத்து மாறியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கதவு சாத்துவதைப் பார்த்தும் வட்டங்களை எண்ணியும் நான் ஊகித்ததுதான் எல்லாம். ஊகத்தைத்தான் அந்தப் பெண்ணிடம் விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். அதே ஊகத்தைத்தான் அக்காவிடம் நெசம் என்றேன்.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது நான் வேறொரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மரபணுவின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் கருவி என் மேஜையிலிருந்து பத்தடி தூரத்தில் இருக்கிறது. தூக்கம் மாறிய குடும்பங்கள் யாருக்காவது தெரியுமா என்று போன மாதம் கூட்டத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் குனிந்து டீ குடித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரைக்கு என் செல்போன் அடித்தது. எடுத்ததும் கிரைண்டர் சத்தம்தான் முதலில் கேட்டது.

“தூங்குறியா பாப்பா?”

என் அம்மாவிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். இடையில் இரண்டு வரன்கள் வந்து, விஷயம் எப்படியோ தெரிந்து, நின்றுபோயினவாம். இப்போது மூன்றாவது. மடிப்பாக்கத்துப் பையன், பேக்கரியில் வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு என்றார்.

“நான்தான் அந்த நேரத்துக்கு வரச் சொன்னேன். மறைச்சி மறைச்சி இன்னாத்தக் கண்டோம்? வந்து பாக்கட்டும். நான் தூங்கிக்கினுதான் இருப்பேன். பேச ஆள் வேணும். நீ வந்து சொல்லு.”

மகளுக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவள்தான் உன் பெயரைச் சொன்னாள் என்றார். ஃபோனை வைப்பதற்கு முன்னால் அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஏன் பாப்பா, அந்த ரத்தம் இன்னா ஆச்சு?”

நேரில் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. குழாயைச் சோதிக்கவே இல்லை என்பது ஒன்று. சோதித்திருந்தாலும் அவர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் வந்திருக்காது என்பது மற்றொன்று. ஒருவர் எப்போது தூங்குவார் என்பதைத்தான் மரபணு சொல்லக்கூடும். பக்கத்தில் படுத்திருந்தவர் கூப்பிட்டாரா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. புது ரத்தம் எடுத்துப் படித்துத் தருகிறேன் என்று ஆசை காட்டவும் வாய் வருகிறது. அவராகக் கேட்டால் எடுக்கலாம். நானாகக் கேட்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரும்போது அக்கா தூங்கிக்கொண்டிருப்பார். ஆகையால் முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும், அவர் முழு விழிப்பில் இருக்கும்போது. கோவிலம்பாக்கத்துக்கு அதிகாலையில் நேர் பஸ் இருக்கிறதா என்று விசாரித்தேன், இல்லையாம். மூன்றரைக்கு ஆட்டோ சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகும் என்னை அந்த வீட்டில் சாயங்காலம்வரை இருக்கவிட்டால், மடிப்பாக்கத்துக்காரர்களோடு பேசிப் பார்ப்பேன்.